பழைய கார்ல சார்ஜ் நிக்கலையா? வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்ததுல முக்கால்வாசி ஒரே கேள்விதான், வேற வேற வார்த்தையில. கார் பழசு, பேட்டரி இறங்கிடுது, புதுசு போட்டாச்சு, அதுவும் இறங்குது, இப்ப ஆல்டர்னேட்டரை (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்ற ஜெனரேட்டர்) மாத்தச் சொல்றாங்க, மாத்தலாமா? படிக்கப் படிக்க மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா இதுல நிறைய பேர் நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டிருக்காங்கன்னு அவங்க எழுதினதை வச்சே தெரியுது. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இந்த இதழ் முழுக்க இதையே எடுத்துக்கறேன். வேணுங்கறது ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டார்ச், கொஞ்சம் பொறுமை.

கேள்வி: அண்ணா, இது அப்பா ஓட்டின கார், இப்ப நான் ஓட்டறேன். விக்க மனசில்ல. மீட்டர் வாங்கி வச்சிருக்கேன், ஆனா பானட்டைத் திறந்தாலே ஷாக் அடிச்சிருமோன்னு பயமா இருக்கு. என்னால இதெல்லாம் பாக்க முடியுமா?

பதில்: தாராளமா முடியும்மா. 12 வோல்ட் நம்மள ஷாக் அடிக்காது, அந்த பயத்தை விட்டுடுங்க. பயப்பட வேண்டியது வேற மூணு விஷயத்துக்கு. ஒண்ணு, பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிய வரும், அதனால பக்கத்துல நெருப்பு, தீப்பொறி எதுவும் கூடாது, குனிஞ்சு மூஞ்சியை பேட்டரிக்கு மேல வைக்கவும் கூடாது. ரெண்டாவது, பேட்டரியோட பிளஸ்ஸையும் பாடியையும் ஒரு ஸ்பேனரோ மோதிரமோ தொட்டு இணைச்சிடுச்சுன்னா நூத்துக்கணக்கான ஆம்பியர் அது வழியா பாயும், இரும்பு பழுத்துடும், அதனால மோதிரம், வளையல், வாட்ச் எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டுத்தான் கை வைக்கணும். மூணாவது ஃபேன், பெல்ட். துப்பட்டா, முடி, லூஸான கை எல்லாத்தையும் கட்டிக்கங்க, எலக்ட்ரிக் ஃபேன் இருக்கற கார்ல இன்ஜின் ஆஃப்ல இருந்தாக்கூட சூட்டுக்கு திடீர்னு சுத்த ஆரம்பிக்கும்.

பேட்டரி கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசியில. டெர்மினல்ல வெள்ளையாவோ பச்சையாவோ உப்பு பூத்திருந்தா கழட்டிட்டு சமையல் சோடா கரைச்ச தண்ணி ஊத்தி பழைய பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவுங்க (செல் மூடி வழியா உள்ள மட்டும் போயிடக் கூடாது), காஞ்சதும் பேட்டரி மேல நீட்டிட்டு இருக்கற ஈயக் கம்பத்தையும் அதைக் கவ்வற கேபிள் கிளாம்ப்போட உள்பக்கத்தையும் உப்புத்தாளால ஈயம் பளபளன்னு தெரியற வரைக்கும் தேய்ங்க, டைட் பண்ணிட்டு மேல கொஞ்சம் வாஸ்லின் தடவுங்க. நிறைய கார் இந்த அரை மணி நேர வேலையிலயே சரியாயிடும், அதனால மத்த எல்லாருமே இதை முடிச்சிட்டு கீழ போங்க.

கேள்வி: சார், என் கார் 20 வருஷம் தாண்டினது. 8 மாசம் முன்னாடிதான் புது பேட்டரி. வாரத்துல ரெண்டு நாள் காலையில செல்ஃப் போட்டா டொக்குன்னு ஒரு சத்தம், அதோட சரி, தள்ளித்தான் ஸ்டார்ட் பண்றோம். மெக்கானிக் ஆல்டர்னேட்டர் போயிடுச்சுங்கறார். வீட்லயே இதை உறுதி பண்ணிக்க வழி இருக்கா?

பதில்: இருக்கு. ஆனா எந்த பார்ட் போச்சுன்னு தேட ஆரம்பிக்காதீங்க, வோல்ட் எங்க காணாமப் போகுதுன்னு தேடுங்க. அந்த ஒரு வித்தியாசத்துலதான் தேவையில்லாம பார்ட் மாத்துறது நிக்கும்.

முதல்ல ராத்திரி முழுக்க நின்ன காரை, காலையில சாவி போடறதுக்கு முன்னாடி, மீட்டரை டிசி 20 வோல்ட்ல வச்சு அளங்க. மீட்டர் முனை கிளாம்ப்ல படக் கூடாது, பேட்டரியோட ஈயக் கம்பத்து மேலயே படணும். 12.6 வந்தா பேட்டரி ஃபுல், 12.4ன்னா முக்கால், 12.2ன்னா பாதி, 12க்கு கீழ போயிட்டா ஏறக்குறைய காலி. 10.5 பக்கம் நின்னா உள்ள இருக்கற ஆறு செல்லுல ஒண்ணு செத்துப் போச்சுன்னு அர்த்தம், ஒவ்வொரு செல்லும் சுமார் 2.1 வோல்ட், ஒண்ணு போனா அந்த அளவு அப்படியே குறையும், அந்த பேட்டரியை என்ன பண்ணினாலும் மீட்க முடியாது. ஒரு விஷயம், மல்டிமீட்டருக்குள்ள இருக்கற அதோட பேட்டரி வீக்கா இருந்தா சில மீட்டர்ல எல்லாமே கூடுதலாக் காட்டும், 12.6 இருக்கற இடத்துல 13.5ன்னு காட்டும், அதை நம்பி ரெண்டு நாள் அலைஞ்சவங்க இருக்காங்க, அதனால மீட்டர் பேட்டரியை முதல்ல புதுசாக்குங்க.

அடுத்து செல்ஃப் அடிக்கும்போது பாக்கணும், இதுக்கு ஒரு ஆள் துணை வேணும். அவர் சாவியைத் திருப்பட்டும், நீங்க மீட்டரைப் பாருங்க. ஃபுல் சார்ஜ்ல இருக்கற நல்ல பேட்டரி செல்ஃப் இழுக்கும்போது 9.6க்கு கீழ இறங்கக் கூடாது. 7, 6ன்னு சரிஞ்சா பேட்டரி வீக், இல்லன்னா செல்ஃப் மோட்டாரே இறுகிப் போய் அதிகமா இழுக்குது. ஆனா உங்களுக்கு டொக் சத்தம் வரும்போது மீட்டர் 12க்கு மேலயே அசையாம நிக்குதா? அப்பன்னா பேட்டரிகிட்ட கரன்ட் இருக்கு, செல்ஃபுக்குப் போய்ச் சேரல. வழியில எங்கயோ அடைப்பு.

ஸ்டார்ட் ஆனதும் மூணாவது அளவு. ஆக்ஸிலேட்டரை லேசா மிதிச்சு 1500 ஆர்பிஎம் பக்கம் வச்சா பேட்டரி கம்பத்துல 13.8லேர்ந்து 14.5க்குள்ள வரணும். இறங்கிப் போன பேட்டரியா இருந்தா உடனே ஏறாது, பத்து நிமிஷம் கழிச்சு பாருங்க. அப்புறம் ஹெட்லைட் ஹை பீம், ப்ளோயர் ஃபுல், வைப்பர் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டு அதே வேகத்துல மறுபடி அளங்க, 13க்கு மேல நின்னா நல்லா இருக்கு. ஐட்லிங்ல 12.8க்கு இறங்கினா பழைய கார்ல அதைக் குத்தம்னு சொல்ல மாட்டேன், மெதுவா சுத்தும்போது ஆல்டர்னேட்டர் முழு ஆம்பியரும் குடுக்காது.

இப்ப இந்த பதில்லயே முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். பேட்டரியில 12.9தான் வருதுன்னு வச்சுக்கங்க. இங்கதான் பெரும்பாலானவங்க ஆல்டர்னேட்டர் அவுட்னு முடிவு பண்ணிடறாங்க. அவசரப்படாதீங்க. அப்படியே மீட்டரை எடுத்துட்டுப் போய் ஆல்டர்னேட்டர் முதுகுல இருக்கற தடி ஒயர் போல்ட்டுல சிவப்பு முனையையும், ஆல்டர்னேட்டரோட வெறும் உலோக உடம்புல கறுப்பு முனையையும் வைங்க. அந்த போல்ட் இன்ஜின் ஆஃப்லயும் லைவ்தான், அதுக்கும் பாடிக்கும் நடுவுல எதுவும் தொட்டுடக் கூடாது. அங்க 14.4 வருதா? அப்ப ஆல்டர்னேட்டர் தன் வேலையை ஒழுங்கா செய்யுது, ஒன்றரை வோல்ட் வர்ற வழியில தொலைஞ்சு போகுது. எந்த வழின்னு பிரிச்சுப் பாக்க, லோடு எல்லாம் ஓடிட்டு இருக்கும்போதே, ஒரு முனையை ஆல்டர்னேட்டர் போல்ட்டுலயும் இன்னொரு முனையை பேட்டரி பிளஸ் கம்பத்துலயும் வைங்க, 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா பிளஸ் கேபிள் பக்கம் கோளாறு. அதே மாதிரி ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸ் கம்பத்துக்கும் நடுவுல 0.2க்கு மேல காட்டினா எர்த் பக்கம், அதாவது கரன்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பி வர்ற வழியில, கோளாறு. ஒரே நேர் ஒயரோட ரெண்டு முனையில வோல்ட் வித்தியாசம் வருதுன்னாலே அந்த வித்தியாசம் முழுக்க அந்த ஒயர் திங்கறதுதான்.

எர்த்தைப் பத்தி நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பல வருஷம் முன்னாடி என் கார்ல இதே டொக் சத்தம் வந்து, பேட்டரி மாத்தி, அப்புறம் ஆல்டர்னேட்டரும் மாத்தி, ரெண்டு வாரத்துல பழையபடி நின்னுச்சு. கடைசியில பாத்தா இன்ஜினையும் பாடியையும் இணைக்கற பின்னல் பட்டை, எர்த் ஸ்ட்ராப்னு சொல்றது, கிரீஸும் மண்ணும் மூடின இடத்துல நாலஞ்சு இழைலதான் தொங்கிட்டு இருந்துச்சு. இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு, ரப்பர் வழியா கரன்ட் போகாது, அதனால செல்ஃப் இழுக்கற அத்தனை கரன்ட்டும் திரும்பி வர்றதுக்கு அந்தப் பட்டைதான் வழி. அது அறுந்தா கரன்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள்னு கிடைச்ச வழியில போகும், அந்தக் கேபிளெல்லாம் சூடாகி இறுகிடும். உங்களுக்கும் கேபிள் அடிக்கடி இறுகுதுன்னா இதைத்தான் முதல்ல பாக்கணும். வீட்ல செய்யற சோதனை ரொம்ப சுலபம், ஒரு ஜம்பர் கேபிளை பேட்டரி மைனஸ்லேர்ந்து நேரா இன்ஜினோட பெயின்ட் இல்லாத உலோகத்துல கவ்விட்டு செல்ஃப் அடிங்க. சொடுக்குல எடுத்துச்சுன்னா பேட்டரி மேலயும் ஆல்டர்னேட்டர் மேலயும் எந்தத் தப்பும் இல்ல.

ஆல்டர்னேட்டர் முதுகுலயே 12.3தான், ஏறவே இல்லைன்னா அப்ப பெல்ட்டைப் பாருங்க. ரெண்டு புல்லிக்கு நடுவுல கட்டைவிரலால அழுத்தினா ஒரு சென்டிமீட்டர் போல உள்ள போகணும். அதுக்கு மேல தொய்ஞ்சா டைட் பண்ணணும், உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா மாத்தணும். மழையில கீச்சுன்னு கத்தற பெல்ட் வழுக்குது. பெல்ட் சரியா இருந்தும் ஏறலன்னா அடுத்த கேள்விக்கான பதிலையும் படிச்சிட்டு, அதுக்கப்புறம் ஆல்டர்னேட்டரைக் கழட்டுங்க. இன்னொண்ணு, அங்க 16, 17ன்னு எகிறி பேட்டரியில 12 மட்டும் இருந்தா ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ஃபியூஸ் லிங்க் (அந்தத் தடி ஒயருக்கான ஃபியூஸ்) அறுந்திருக்கு, உடனே இன்ஜினை ஆஃப் பண்ணிடுங்க.

கேள்வி: சாவி ஆன் பண்ணினா பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எரியறதே இல்ல. ஸ்டார்ட் பண்ணின உடனே சார்ஜ் 12.4, ஒரு தடவை நல்லா ரேஸ் பண்ணிட்டா 14.2 வந்து அப்படியே நிக்குது. ஆல்டர்னேட்டரை ரிப்பேர் பண்ணியாச்சு, அப்பவும் இப்படித்தான். டேஷ்போர்டு பல்பெல்லாம் போன மாசம் எல்இடிக்கு மாத்தினேன், அது சம்பந்தமில்லாத விஷயம்னு நினைக்கறேன்.

பதில்: நீங்க கடைசியில சம்பந்தமில்லன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் காரணம்னு கிட்டத்தட்ட உறுதியாச் சொல்லலாம். அந்த சிவப்பு பல்ப் வெறும் எச்சரிக்கை விளக்கு இல்ல. ஆல்டர்னேட்டருக்குள்ள நிரந்தர காந்தம் கிடையாது, நடுவுல சுத்தற ரோட்டார் காயிலுக்கு கொஞ்சம் கரன்ட் குடுத்தாதான் அது காந்தமாகும், அப்புறம்தான் உற்பத்தி. பழைய கார்கள்ல அந்த முதல் கரன்ட் சாவியிலேர்ந்து இந்த பல்ப் வழியாத்தான் மெல்லிசான ஒயர்ல ஆல்டர்னேட்டருக்குப் போகுது. அந்த கரன்ட் ஓடறதாலதான் சாவி போட்டதும் பல்ப் எரியுது, இன்ஜின் ஓடி ஆல்டர்னேட்டரும் அதே அளவு வோல்ட் குடுத்ததும் பல்ப்போட ரெண்டு பக்கமும் சமமாகி அணைஞ்சிடுது. பழைய பல்ப் 2, 3 வாட் இழுக்கும், எல்இடி இழுக்கறது சொற்ப மில்லி ஆம்பியர், அது ரோட்டாரை எழுப்பப் பத்தாது, அதையும் தலைகீழாப் போட்டிருந்தா சுத்தமாப் போகாது. ரேஸ் பண்ணினா வர்றது, ரோட்டார் இரும்புல மிச்சம் ஒட்டியிருக்கற காந்த சக்தியால தானா எழுந்துக்குது. அந்த ஒரு இடத்துல மட்டும் பழைய வாட் பல்பைத் திரும்பப் போட்டுப் பாருங்க.

எல்இடி மாத்தாதவங்களுக்கும் இதே அறிகுறி வரலாம். ஆல்டர்னேட்டருக்கு வர்ற மெல்லிசு ஒயரைக் கழட்டி, சாவி ஆன் பண்ணி, அந்த ஒயர் முனையை இன்ஜின் உலோகத்துல தொடுங்க. பல்ப் எரிஞ்சா ஒயரும் பல்பும் நல்லா இருக்கு, பிரச்சனை ஆல்டர்னேட்டருக்குள்ள, பெரும்பாலும் கார்பன் பிரஷ் (சுத்தற ரோட்டாருக்கு கரன்ட் கடத்தற கரித் துண்டு) தேஞ்சிருக்கும். எரியலன்னா பல்ப் போயிருக்கும், இல்ல வழியில ஒயர் கட். தடி ஒயரைத் தவறியும் இப்படித் தொட்டுடாதீங்க, ஒண்ணுக்கு மேல மெல்லிசு ஒயர் இருந்தா வயரிங் படத்தைப் பாத்து பல்ப் ஒயர் எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு செய்ங்க, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுல சார்ஜ் ஆகற கார்ல இந்த சோதனையே வேண்டாம். பிரஷ் நிறைய பழைய மாடல்ல ரெகுலேட்டரோட (வோல்ட் அளவுக்கு மேல போகாம பாத்துக்கற பாகம்) சேந்து பின்னாடி ரெண்டு ஸ்க்ரூல வந்துடும். வெளிய நீட்டிட்டு இருக்கற நீளம் 5 மில்லிமீட்டருக்குள்ள வந்துட்டா மாத்திடலாம், முழு ஆல்டர்னேட்டர் வாங்கத் தேவையே இல்ல. கழட்டறதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸை எடுத்துடணும்.

கேள்வி: ஓடும்போது 14.2 வருது, பேட்டரியும் நல்லா இருக்குன்னு சோதிச்சு சொல்லிட்டாங்க. ஆனா மூணு நாள் எடுக்காம நின்னா செத்துப் போயிடுது. எங்க போகுது?

பதில்: ஏதோ ஒண்ணு ராத்திரி பகல்னு குடிச்சிட்டே இருக்கு. எவ்வளவு குடிச்சா மூணு நாள்ல காலியாகும்னு கணக்குப் போடுங்க, 40 ஆம்பியர் ஹவர் பேட்டரின்னா அரை ஆம்பியர் கசிவு போதும், ஒரு நாளைக்கு 12, மூணு நாளைக்கு 36. டிக்கியில இருக்கற 5 வாட் பல்ப் அணையாம இருந்தாலே கிட்டத்தட்ட அந்த அளவுதான். அதனால முதல்ல டிக்கி லைட், கிளவ் பாக்ஸ் லைட் அணையுதான்னு பாருங்க, போன்ல வீடியோ ரெக்கார்டிங் போட்டு உள்ள வச்சு மூடினா தெரிஞ்சிடும்.

அதுல இல்லன்னா, எல்லாத்தையும் ஆஃப் பண்ணி கதவையும் மூடிட்டு, பேட்டரி மைனஸ் கேபிளைக் கழட்டி, கேபிளுக்கும் கம்பத்துக்கும் நடுவுல ஒரு சின்ன 12 வோல்ட் பல்பை இணைங்க. நல்லா பிரகாசமா எரிஞ்சா பெரிய கசிவு. இதை மீட்டருக்கு முன்னாடி செய்யச் சொல்றது மீட்டரைக் காப்பாத்தத்தான். எரியலன்னா பல்ப் இடத்துல மீட்டர், சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாத்தி. மீட்டர் நடுவுல இருக்கும்போது சாவியைத் தொடக் கூடாது, செல்ஃப் அடிச்சா உள்ள ஃபியூஸ் போயிடும். கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் இருக்கற கார்னா அது தூங்கறதுக்கு அரை மணி நேரம் விடணும். 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா கவலையில்ல, கார்புரேட்டர் காலத்து கார்ல அதை விடவும் ரொம்பக் கம்மியா இருக்கணும். அதுக்கு மேல இருந்தா ஒவ்வொரு ஃபியூஸா உருவுங்க, எதை உருவினதும் சடார்னு குறையுதோ அந்த லைன்ல தேடணும். எனக்கு இதுல அதிகம் சந்தேகம் அப்புறமா வந்து சேந்த பொருள் மேலதான், ம்யூசிக் சிஸ்டம், அலாரம், யாரோ கத்தரிச்சு ஒட்டின ஒயர்.

எல்லா ஃபியூஸையும் உருவியும் குறையலையா? ஆல்டர்னேட்டர் டயோடு, அதாவது கரன்ட்டை ஒரே பக்கமா மட்டும் விடற பாகம். ஓடும்போது நல்லா சார்ஜ் பண்ணிட்டு, நின்னதும் பேட்டரியைத் தனக்குள்ளயே கசிய விடற டயோடு உண்டு. காலையில இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போது ஆல்டர்னேட்டரை மட்டும் தொட்டுப் பாருங்க, அது வெதுவெதுன்னு இருந்தா அதுவே சாட்சி.

கேள்வி: வண்டி ஓடிட்டு இருக்கும்போது பேட்டரி டெர்மினலைக் கழட்டினா இன்ஜின் நிக்கலன்னா ஆல்டர்னேட்டர் நல்லா இருக்குன்னு எங்க மாமா சொல்றார். செஞ்சு பாக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மாமா கத்துக்கிட்ட காலத்துல டைனமோ (ஆல்டர்னேட்டருக்கு முந்தின பழைய ஜெனரேட்டர்) வண்டி இருந்துச்சு, அதுல அவ்வளவா கெடுதல் தெரியாது. ஆல்டர்னேட்டர்ல பேட்டரியை திடீர்னு பிரிச்சா அது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு வோல்ட்டைப் பல மடங்கு எகிற விடும், டயோடு, ரெகுலேட்டர், இன்ஜின் கன்ட்ரோல் யூனிட் எது வேணாலும் போகலாம். அப்படியே நிக்காம ஓடினாலும் அது 13 குடுக்குதா 17 குடுக்குதான்னு தெரியப் போறதில்ல. மாமாகிட்ட மீட்டரைக் காட்டுங்க.

கேள்வி: சார்ஜ் லைட் ராத்திரியில மட்டும் மங்கலா சிவப்பாத் தெரியுது, ரேடியோவுல ரேஸ் பண்ற அளவுக்கு ஏறி இறங்கற ஒரு ரீங்காரம். வோல்ட் 13.6 வருதே?

பதில்: ரெக்டிஃபையர்ல ஒரு டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். உள்ள உற்பத்தியாகறது மூணு ஃபேஸ் ஏசி, அதை டிசியா மாத்தறது ஆறு டயோடு, ஒண்ணு போனா டிசியில அலை அடிக்கும், அந்த அலைதான் ரேடியோவுல கேக்குது. இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, மீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு பேட்டரியில அளங்க, அரை வோல்ட்டுக்கு மேல வந்தா டயோடுதான். அதுக்கு முன்னாடி இன்ஜின் ஆஃப்ல ஒரு தடவை ஏசியில அளந்துடுங்க, சில விலை குறைஞ்ச மீட்டர் வெறும் பேட்டரிக்கே 25, 30 வோல்ட் ஏசின்னு காட்டும், அந்த மீட்டரை இந்த வேலைக்கு நம்பக் கூடாது. அலை இல்லாம லைட் மட்டும் மங்கலா எரிஞ்சா இக்னிஷன் சுவிட்ச், ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் வோல்ட் குறையுது, அங்க காண்டாக்ட் எல்லாம் சுத்தம் பண்ணுங்க.

கேள்வி: எனக்கு நேர் எதிர். 15.4 வருது. ஹெட்லைட் பல்ப் அடிக்கடி போகுது, பேட்டரி தண்ணியும் சீக்கிரம் குறையுது.

பதில்: இதை சரி பண்ற வரைக்கும் ஓட்டாதீங்க. அழுகின முட்டை வாசனை வந்தா பேட்டரி கொதிக்குதுன்னு அர்த்தம், பானட்டைத் திறந்து வச்சிட்டு தள்ளி நில்லுங்க. ரெகுலேட்டர் போயிருக்கலாம், ஆனா தனியா பாடியில மாட்டின ரெகுலேட்டர் இருக்கற வண்டின்னா அதோட எர்த்தை முதல்ல சுத்தம் பண்ணுங்க, எர்த் சரியில்லன்னா அது உள்ளபடி இருக்கறதை விடக் குறைவா உணரும், இன்னும் பத்தலன்னு ஆல்டர்னேட்டரை மேல மேல ஏத்திட்டே இருக்கும். குறைஞ்ச தண்ணிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், பிளேட் மூழ்கி கொஞ்சம் மேல வரைக்கும்.

கேள்வி: ஜம்ப் பண்ணி ஸ்டார்ட் பண்ணிட்டு ஒரு மணி நேரம் ஓட்டினா பேட்டரி ஃபுல் ஆயிடுமா?

பதில்: ஆகாது. சுத்தமா இறங்கின பேட்டரி மேல போகப் போக மெதுவாத்தான் ஏத்துக்கும், கடைசி கால் பங்குக்கே பல மணி நேரம் பிடிக்கும். செத்த பேட்டரியை ஏத்தற வேலையை பழைய ஆல்டர்னேட்டர் தலையில கட்டினா அது முழு லோடுல ரொம்ப நேரம் சூடாகும், டயோடு போறது இப்படித்தான். வீட்டுல சார்ஜரை ராத்திரி முழுக்க போட்டு ஏத்துங்க, எடுத்துட்டு ஹெட்லைட்டை ரெண்டு நிமிஷம் எரிய விட்டு அணைச்சு, நாலஞ்சு மணி நேரம் கழிச்சு அளங்க. 12.6 நின்னா அந்த பேட்டரியை வச்சுக்கிட்டே மேல சொன்ன சோதனையெல்லாம் ஆரம்பிக்கலாம், பாதி சார்ஜ்ல இருக்கற பேட்டரியை வச்சு எடுத்த அளவு எதுவும் சரியா வராது.